'தைரியமா இருங்க' என்பது வைத்தியம் அல்ல

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய வாரத்தில் எங்கள் வாசலில் செருப்பு விட இடமில்லை. அரசுப் பேருந்தில் 30 வருடம் கண்டக்டராக இருந்தவர். ஊரில் பாதிப் பேர் அவர் கையால் சீட்டு வாங்கியவர்கள். ஹார்லிக்ஸ், ஆப்பிள், மாதுளை என்று ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்தார்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, அதான் அடைப்பை எடுத்தாச்சுல்ல, தைரியமா இருங்க" என்றார்கள். அப்பா தலையாட்டினார். டாக்டரும் அதைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அம்மாவும் நானும் அதையேதான் சொன்னோம்.

மூன்றாவது வாரம் ஆள் வரத்து நின்றது. அப்பா சவரம் செய்வதை நிறுத்தினார். விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு முக்குக் கடைக்கு டீ குடிக்கப் போகிறவர், ஏழு மணி வரை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பேத்தி மடியில் ஏறினால் மெல்ல இறக்கிவிட்டார். "பெரிய கண்டம் தாண்டின உடம்பு, அசதி இருக்கத்தான் செய்யும்" என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

ஐந்தாவது மாதம், பொங்கலுக்கு வெள்ளையடிக்க வீட்டை ஒழித்தபோது, ஆணியில் தொங்கிய பழைய கண்டக்டர் பையை அம்மா இறக்கினார். பை கனத்தது. சில்லறை போடும் அறை நிறைய மாத்திரைகள். ரோஸ் நிறத்தில் ரத்தத்தை உறையவிடாமல் வைக்கும் மாத்திரை, வெள்ளையாகக் கொழுப்பு மாத்திரை, பிரஷர் மாத்திரை. வேளை தவறாமல் அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, விழுங்காமல், பையில் போட்டு வந்திருக்கிறார். நாங்களோ காலி அட்டைகளைப் பார்த்து நிம்மதியாக இருந்தோம். "ஏங்க, எதுக்கு இப்படிப் பண்ணுனீங்க?" என்று அம்மா கேட்டார். "எதுக்குத்தான் முழுங்கணும்?" என்றார் அப்பா. கோபமில்லை, அழுகையில்லை. மணி என்ன என்று கேட்பது போன்ற குரல்.

எட்டாவது மாதம் இரண்டாவது அட்டாக். ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்பும்போதே முடிந்துவிட்டது.

என் அப்பாவை மனச்சோர்வுதான் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மனிதரின் சாவை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் அவரது ஃபைலில் ஈசிஜி இருந்தது, எக்கோ இருந்தது, ஆஞ்சியோ சிடி இருந்தது, உப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்ற குறிப்பு இருந்தது. அந்த எட்டு மாதத்தில் அவர் மனம் எப்படி இருந்தது என்று ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் அந்த வரியைத் தேடித்தான். படிக்கப் படிக்க, நம் எல்லோருடைய வாயிலும் இருக்கும் ஒரு நம்பிக்கை எவ்வளவு தவறானது, எவ்வளவு ஆபத்தானது என்று தெரிந்தது. இதய நோயாளிக்கு மனம் தளர்வது இயல்பு, தானாகச் சரியாகிவிடும், தைரியம் சொன்னால் போதும், இதயத்தைப் பார்த்துக்கொண்டால் மனம் பின்னால் வரும் என்ற நம்பிக்கை. இதைத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது.

ஒரு முரணை முதலில் கவனியுங்கள். அட்டாக் வருவதற்கு முன்னால் நாம் எல்லாவற்றுக்கும் மனத்தைத்தான் குற்றம் சொல்கிறோம். நாற்பது வயதில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், "ஆபீஸ் டென்ஷன்" என்கிறோம். மகள் கல்யாணக் கடன், பங்காளித் தகராறு, மகன் வேலை என்று காரணம் அடுக்குகிறோம். அதே மனிதர் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்ததும் அவருக்கு மனம் என்று ஒன்று இருப்பதையே மறந்துபோகிறோம். மனத்தைப் பற்றிப் பேசவேண்டாத இடத்தில் மிகையாகப் பேசுகிறோம். பேசியே தீரவேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்கிறோம்.

இந்த 'டென்ஷன்' கதை எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1950களில் சான் ஃப்ரான்சிஸ்கோவில் மேயர் ஃப்ரீட்மன், ரே ரோசன்மன் என்று இரண்டு இதய மருத்துவர்கள். அவர்களுடைய காத்திருப்பு அறையில் நாற்காலிகளின் முன்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்ததாகவும், மெத்தை தைக்க வந்தவர் அதைச் சுட்டிக்காட்டியதாகவும் ஒரு கதை உண்டு. நோயாளிகள் சாய்ந்து உட்காராமல், எப்போது கூப்பிடுவார்கள் என்று நுனியிலேயே பதறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவசரம், போட்டி, எரிச்சல் நிறைந்த இந்தக் குணத்துக்கு 'டைப் ஏ' என்று 1959இல் பெயர் வைத்தார்கள். 3,154 ஆண்களை எட்டரை வருடம் கவனித்ததில், அந்தக் குணம் உள்ளவர்களுக்கு இதய நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. உலகம் அதைப் பிடித்துக்கொண்டது. பின்னர் அதே ஆண்களை 22 வருடக் கணக்கில் பார்த்தபோது அந்த வேறுபாடு நிற்கவில்லை. இதய நோய் வந்தவர்களில் 'டைப் ஏ' ஆட்கள்தான் குறைவாக இறந்திருந்தார்கள் என்று 1988இல் வெளியான கட்டுரை சொன்னது.

ஆனாலும் அந்த எண்ணம் ஏன் இத்தனை காலம் உயிரோடு இருந்தது? பிற்பாடு வழக்குகளால் வெளியே வந்த சிகரெட் கம்பெனி ஆவணங்களைப் புரட்டிய ஆய்வாளர்கள் 2012இல் பதில் சொன்னார்கள். 'டைப் ஏ' ஆராய்ச்சிக்கு ஃபிலிப் மாரிஸ் உள்ளிட்ட சிகரெட் கம்பெனிகள் பல வருடம் பணம் கொட்டியிருக்கின்றன. மாரடைப்புக்குக் காரணம் புகை இல்லை, புகைக்கிறவனின் குணம்தான் என்று சொல்ல அவர்களுக்கு ஓர் ஆதாரம் தேவைப்பட்டது. "சிகரெட்டை விட்டா டென்ஷன் ஏறிடும், அதுதான் ஹார்ட்டுக்குக் கெடுதல்" என்று இன்றைக்கும் டீக்கடை வாசலில் நின்று சொல்கிறவர், யாருடைய வாதத்தைத் தன் வாயால் சொல்கிறோம் என்று அறியமாட்டார். புகையை விட்டவர்களின் மனநிலை மோசமாவதில்லை, மேம்படுகிறது என்று 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் காட்டிவிட்டார்கள்.

மனத்துக்கும் இதயத்துக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வந்தது. மாரடைப்புக்கான ஒன்பது காரணங்களை அது எடுத்துச் சொன்னது. அந்த ஒன்பதில் மனமும் வாழ்க்கைச் சுமையும் ஒன்று. புகை, சர்க்கரை, பிரஷர், கொழுப்பு ஆகியவை இருக்கும் அதே வரிசையில். மனத்தைத் தனியாக உயர்த்திப் பிடித்துப் புகையை மறைப்பது பொய். மனத்தைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடுவதும் பொய்தான்.

பத்திரிகைகளுக்குப் பிடித்தது வேறொன்று: அதிர்ச்சியில் நின்றுபோகும் இதயம். 1994 ஜனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தைப் பூகம்பம் உலுக்கியபோது, நாளொன்றுக்குச் சராசரியாக 4.6 ஆக இருந்த திடீர் இதயச் சாவுகள் அன்றைக்கு 24 ஆனதெல்லாம் உண்மை. ஜப்பானியர்கள் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயரை வைத்த டகோட்சுபோ என்ற நோயும் உண்மை. துக்கச் செய்தி கேட்ட பெண்களின் இதயம் அந்தப் பானை வடிவில் உப்பிவிடும். இவை அபூர்வமானவை, அதனால் செய்தியாகின்றன. எங்கள் வீட்டில் நடந்ததோ செய்தி ஆகாது. ஒரு மனிதர் ஐந்து மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அந்த ஐந்து மாதம்தான் அதிகம் பேரைக் கொல்கிறது.

"அட்டாக் வந்தவன் சந்தோஷமாவா இருப்பான்? கவலைப்படுறது இயல்புதானே?" என்று கேட்கிறார்கள். இயல்புதான். காலில் ஆணி குத்தினால் சீழ் பிடிப்பதும் இயல்புதான். இயல்பு என்பதற்காக யாரும் சீழை விட்டுவைப்பதில்லை. சாவைத் தொட்டுவிட்டு வந்த முதல் சில நாள் பயமும் கலக்கமும் பெரும்பாலோருக்குத் தானாகவே வடிந்துவிடும். ஐந்தில் ஒருவருக்கு அது வடிவதில்லை. தூக்கம், பசி, பேச்சு, ஆசை எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு நோயாகவே ஊன்றிவிடுகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததை நாம் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அது நோய் என்பதற்கு, அதுவும் கொல்லும் நோய் என்பதற்கு, 1993இலிருந்து கணக்கு இருக்கிறது. மான்ட்ரியல் இதய ஆஸ்பத்திரியில் நான்சி ஃப்ரேசர்-ஸ்மித் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், மாரடைப்பு வந்து சில நாளே ஆன 222 பேரிடம் உட்கார்ந்து பேசினார்கள். 35 பேருக்குக் கடுமையான மனச்சோர்வு இருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், மனச்சோர்வு உள்ளவர்களில் நூற்றுக்கு 17 பேர் இறந்திருந்தார்கள். இல்லாதவர்களில் 3 பேர். சோர்வுற்றவர்களின் இதயம் முன்பே அதிகம் பழுதாகியிருக்கலாமே என்ற சந்தேகம் வரும். அதையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் ஆபத்து நான்கு மடங்குக்கு மேல் நின்றது. இதயத்தின் பம்பு வலிமை குறைவதும், முன்பே ஒரு அட்டாக் வந்திருப்பதும் எவ்வளவு ஆபத்தோ, அவ்வளவு ஆபத்து இதிலும் இருக்கிறது என்று அவர்கள் எழுதினார்கள்.

222 பேர் சின்ன எண்ணிக்கைதான். ஆனால் அடுத்த பத்து வருடத்தில் நாடு நாடாக இதையே செய்து பார்த்தார்கள். 6,000க்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளின் கணக்கை 2004இல் ஒன்றாகத் தொகுத்தபோதும், மனச்சோர்வு உள்ளவர்கள் இறக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. 2014இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் நிபுணர் குழு, மாரடைப்புக்குப் பின் வரும் மனச்சோர்வை ஆபத்துக் காரணிகளில் ஒன்றாக முறைப்படி சேர்க்கச் சொல்லிவிட்டது. 2025இல் ஐரோப்பிய இதய மருத்துவர்களும் மனநலத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு நீண்ட அறிக்கை வெளியிட்டார்கள். நம் ஊர் டிஸ்சார்ஜ் சம்மரியில் இன்னும் அந்த வரி வரவில்லை.

படித்தவர்கள் இந்த இடத்தில் ஓர் எதிர்வாதம் வைப்பார்கள். சோர்ந்தவர் மாத்திரை சாப்பிட மாட்டார், நடக்க மாட்டார், சிகரெட்டை விட மாட்டார், அதனால்தான் இறக்கிறார், மனம் இதில் நேரடிக் காரணம் இல்லையே என்பார்கள். இந்த வாதத்துக்குச் சான்றும் உண்டு. சான் ஃப்ரான்சிஸ்கோவில் 1,017 இதய நோயாளிகளை ஏறக்குறைய ஐந்து வருடம் கவனித்த ஆய்வு 2008இல் வந்தது. சோர்வுள்ளவர்களுக்கு அதிகம் நேர்ந்த ஆபத்தில் பெரும்பகுதியை உடலசைவு இல்லாமையும் பிற பழக்கங்களும் விளக்கிவிடுகின்றன என்றது அது. அதே நோயாளிகளிடம் எடுத்த முந்தைய கணக்கில், மாத்திரையைச் சொன்னபடி சாப்பிடாதவர்கள் சோர்வில்லாதோரில் நூற்றுக்கு 5, சோர்வுற்றோரில் 14.

எங்கள் வீட்டுக் கண்டக்டர் பைக்குள் இருந்தது இந்த எண்தான். இதனால் மனம் காரணமில்லை என்று ஆகிவிடுமா? அந்த ரோஸ் மாத்திரையை அப்பாவின் விரல் பைக்குள் போட்டது எதனால்? ஸ்டென்ட் வைத்த புதிதில் ரத்தத்தை உறையவிடாத மாத்திரையை நிறுத்தினால், அந்தக் கம்பிக்குழாய்க்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டவர் அவர். 30 வருடம் ஒரு ரூபாய் கணக்குப் பிசகாமல் கட்டிய மனிதருக்கு மறதி இல்லை. வாழ்வதில் பொருள் இல்லை என்று தோன்றிவிட்டவருக்கு வாழவைக்கும் மாத்திரையை விழுங்கக் கை வராது. பழக்கம்தான் கொல்கிறது என்றால், அந்தப் பழக்கத்தின் வேரைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். வேரை விட்டுவிட்டு "மாத்திரையை ஒழுங்காச் சாப்பிடுங்க" என்று கத்துவதால் பயனில்லை.

பழக்கம் தவிர உடம்புக்குள்ளும் வழி இருக்கிறது. சோர்வு நீடிக்கும்போது ரத்தத் தட்டணுக்கள் எளிதாக ஒட்டிக்கொள்கின்றன, அழற்சி கூடுகிறது, இதயத் துடிப்பு நேரத்துக்கேற்ப நெகிழ்ந்து கொடுக்கும் திறன் குறைகிறது. பயத்தையும் நெருக்கடியையும் கையாளும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி ஓயாமல் வேலை செய்கிறவர்களுக்கு எலும்பு மஜ்ஜையின் செயல்பாடும் தமனிகளின் அழற்சியும் சேர்ந்தே கூடுகின்றன என்றும், அவர்களுக்குப் பின்னாளில் இதய நோய் அதிகம் வருகிறது என்றும் 293 பேரை ஸ்கேன் செய்து 2017இல் காட்டினார்கள். மன அழுத்தத்தை வரவழைத்து, அந்த நேரத்தில் இதயத்துக்குப் போகும் ரத்தத்தைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வும் உண்டு. 918 இதய நோயாளிகளில் நூற்றுக்கு 16 பேருக்கு, மனத்தின் அழுத்தத்தாலேயே ரத்தம் குறைந்ததைக் கண்ணால் பார்த்தார்கள். 'எல்லாம் உங்க மனசுலதான் இருக்கு' என்று இனி யாரும் ஒதுக்கித் தள்ள முடியாது. மனசில் இருப்பது தமனியிலும் இருக்கிறது.

இதைவிட வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழித்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்த்தால் இதய நோயாளி கூடுதல் காலம் வாழ்கிறாரா? 2003இல் வந்த என்ரிச்ட் ஆய்வில், மாரடைப்பு வந்து சோர்விலோ தனிமையிலோ இருந்த 2,481 பேரில் பாதிப் பேருக்கு முறையான பேச்சு சிகிச்சையும், தேவைப்பட்டோருக்கு மாத்திரையும் கொடுத்தார்கள். மனம் தேறியது. ஆனால் சாவிலும் மறு மாரடைப்பிலும் எந்த வித்தியாசமும் இல்லை. 2019இல் வந்த இன்னொரு ஆய்வில் 1,500 பேரை எடுத்துக்கொண்டு, கேள்வி கேட்டு மனச்சோர்வைக் கண்டுபிடிப்பதால் பலன் உண்டா என்று பார்த்தார்கள். பலன் தெரியவில்லை. முன்பு மனச்சோர்வு வந்தவர்களை அதில் சேர்க்கவில்லை. சோதித்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவுக்குத்தான் சோர்வு தெரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் காட்டி, "பார்த்தீங்களா, மனசைப் பாக்குறதுல ஹார்ட்டுக்கு லாபம் இல்லை" என்று முடித்துவிடுகிறார்கள்.

இதே தராசில் ஸ்டென்டை வைத்துப் பாருங்கள். அட்டாக் வந்துகொண்டிருக்கும்போது வைக்கும் ஸ்டென்ட் உயிரைக் காக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அட்டாக் வராமல், நடந்தால் மட்டும் நெஞ்சு வலிக்கும் நிலையான இதய நோய்க்கு வைக்கும் ஸ்டென்ட்? 2007இல் கரேஜ் என்ற ஆய்வு 2,287 பேரை வைத்தும், 2020இல் இஸ்கீமியா என்ற ஆய்வு 5,179 பேரை வைத்தும் சொன்னது ஒன்றுதான். நல்ல மாத்திரை வைத்தியத்தோடு ஒப்பிட்டால், அங்கே ஸ்டென்டால் சாவு குறையவில்லை. அதற்காக யாராவது ஸ்டென்ட் வீண் என்று கடையை மூடினார்களா? நெஞ்சு வலி குறைகிறது, படியேற முடிகிறது, அது போதாதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அப்படியானால் விடிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு ஏன் பிழைத்தோம் என்று கிடக்கிறவரின் வலி குறைந்தால் மட்டும் போதாதா? நெஞ்சு வலிக்கு ஒரு நியாயம், நெஞ்சுக்குள் இருக்கும் வலிக்கு வேறொரு நியாயம் எப்படி வந்தது?

கதையும் 2003இல் முடிந்துவிடவில்லை. தென் கொரியாவில் மாரடைப்பு அல்லது அதையொட்டிய நெருக்கடியோடு வந்து, மனச்சோர்வும் இருந்த 300 பேரில் பாதிப் பேருக்கு எஸ்சிடலோப்ராம் மாத்திரையும், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் 24 வாரம் கொடுத்தார்கள். எட்டு வருடம் தொடர்ந்து கவனித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். சாவு, மறு மாரடைப்பு, மறுபடி அடைப்பெடுத்தல் மூன்றையும் சேர்த்த கணக்கில், மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 40.9 பேர், பெறாதவர்களில் 53.6 பேர். சாவை மட்டும் பிரித்தால் வித்தியாசம் உறுதியாகத் தெரியவில்லை. மறு மாரடைப்பு நன்றாகவே குறைந்திருந்தது. ஒரே ஆய்வு எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. ஆனால் "ஒரு லாபமும் இல்லை" என்று அடித்துச் சொல்லும் உரிமையை அது பறித்துவிட்டது.

அந்த மாத்திரையைப் பற்றி வீடுகளில் இருக்கும் பயத்தையும் பேசியாக வேண்டும். "ஹார்ட் பேஷன்டுக்கு மென்டல் மாத்திரை கொடுத்தா ஹார்ட் நின்னுடும்", "ஆரம்பிச்சா சாகுற வரைக்கும் விட முடியாது" என்கிறார்கள். பழைய காலத்து இமிப்ரமின், அமிட்ரிப்டிலின் வகை மருந்துகள் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக் கூடியவை. பயம் அங்கிருந்து வந்தது. செர்ட்ராலின் என்ற பிந்தைய மருந்தை மாரடைப்பு, நெஞ்சுவலி நெருக்கடி வந்த 369 பேரிடம் சோதித்து, இதயத்துக்குக் கேடில்லை என்று 2002இலேயே காட்டிவிட்டார்கள். ஆஸ்பிரினும் ரத்தத்தை உறையவிடாத மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு இதனால் ரத்தக்கசிவு வாய்ப்பு கொஞ்சம் கூடலாம். டாக்டர் கவனித்துக் கொடுக்க வேண்டும், நிறுத்துவதையும் படிப்படியாகச் செய்ய வேண்டும். எந்த மருந்துக்குத்தான் கவனம் வேண்டாம்? இதய மாத்திரைகளை ஆயுள் முழுக்கச் சாப்பிடச் சொன்னால் சரியென்று தலையாட்டும் வீடு, மனத்துக்கு ஆறு மாதம் என்றதும் ஏன் பதறுகிறது? பதற்றம் மருந்தால் வரவில்லை. அந்தச் சீட்டில் இருக்கும் மனநல டாக்டர் என்ற பெயரால் வருகிறது. அக்கம்பக்கம் பார்த்துவிடுமோ என்று வருகிறது.

பெண்கள் விஷயத்தில் நாம் இரட்டைப் பாவம் செய்கிறோம். நெஞ்சை அடைக்கிறது, முதுகு வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று ஒரு பெண் சொன்னால் "வாயுவா இருக்கும்", "சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காத" என்கிறோம். உண்மையான அட்டாக்கை மனத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். தப்பித்து வீடு திரும்பி, உண்மையாகவே மனம் உடைந்து உட்கார்ந்தால், அப்போது உடம்பு அசதி என்கிறோம். இரண்டு முறையும் அவள் சொன்னது காதில் விழுவதில்லை. மனநோயோடு வாழ்கிறவர்களுக்கு நடப்பதோ இதைவிடக் கொடுமை. கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னதாக இறக்கிறார்கள். பெரும்பாலும் தற்கொலையால் இல்லை. இதய நோய் போன்ற உடல் நோய்களால். மனநோய் என்ற முத்திரை குத்திய பிறகு அவர்கள் சொல்லும் நெஞ்சுவலியை யாரும் வலியாக எடுத்துக்கொள்வதில்லை.

கடைசியாக வரும் சாக்கு ஆள் இல்லை என்பது. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில் எல்லா இதய நோயாளியையும் யார் பார்ப்பது என்கிறார்கள். பற்றாக்குறை உண்மை. 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வு உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேருக்கு வைத்தியமே கிடைக்கவில்லை. ஆனால் இதற்கு விடை சென்னையிலேயே கிடைத்திருக்கிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. சென்னை உட்பட இந்தியாவில் நான்கு இடங்களில் நடந்த இன்டிபென்டன்ட் என்ற ஆய்வில், சர்க்கரை நோயும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான வைத்தியம். மறு பாதிக்கு, டாக்டர் அல்லாத ஒரு பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் துணைக்கு நின்றார். நோயாளியோடு தொடர்ந்து பேசுவதும், மனமும் சர்க்கரையும் பிரஷரும் எப்படி இருக்கின்றன என்று கவனித்து வருவதும் அவர் வேலை. மனநல மருத்துவரும் சர்க்கரை மருத்துவரும் அவ்வப்போது அந்தக் கணக்கைப் பார்த்து மருந்தை மாற்றச் சொன்னார்கள். இரண்டு வருட முடிவில், சோர்வு பாதிக்கு மேல் குறைந்து, அத்துடன் சர்க்கரை, பிரஷர், கெட்ட கொழுப்பு மூன்றில் ஒன்றாவது இறங்கியவர்கள் வழக்கமான வைத்தியத்தில் நூற்றுக்கு 57.4, ஒருங்கிணைந்த வைத்தியத்தில் 71.6. 2020இல் வெளியான கணக்கு இது. நம் ஊரில், நம் மக்களிடம், நம் பாஷையில் பேசி எடுத்த கணக்கு.

அதைச் செய்ய ஆளும் நம்மிடம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து, பிரஷர் கருவியையும் சர்க்கரை பார்க்கும் மெஷினையும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் பெண்கள் வருகிறார்கள். எந்த வீட்டில் யார் மாத்திரை சாப்பிடுகிறார், யார் சாப்பிடுவதாகச் சொல்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். மாரடைப்பு என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினால் உடனே கொடுப்பதற்கு மாத்திரைகளை வைத்திருக்கிறோம். ஸ்டென்டுக்கு முதலமைச்சர் காப்பீடு இருக்கிறது. இவ்வளவு கட்டிய நாம் நிறுத்திக்கொண்டது ஒரே ஒரு இடத்தில். பிரஷர் பட்டையைக் கையில் சுற்றும் அந்த அரை நிமிடத்தில் இரண்டு கேள்வி கேட்க அந்தப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பதில் மோசமாக வந்தால் யாரிடம் அனுப்புவது என்று ஒரு ஏற்பாடும் செய்யவில்லை. உலகமெங்கும் கேட்கும் கேள்விகள்தான் அவை. இந்த ரெண்டு வாரமா எதுலயும் நாட்டமில்லாம இருக்கா? மனசு பாரமா, விட்டுப்போன மாதிரி இருக்கா?

'தைரியமா இருங்க' என்ற சொல்லின் மேல் எனக்கு உள்ள கோபம் இதனால்தான். சொல்கிறவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொல் பேச்சை முடித்துவைக்கிறது. தைரியமாக இருங்கள் என்று சொல்லப்பட்ட மனிதர் அடுத்து "எனக்குப் பயமா இருக்கு" என்று எப்படிச் சொல்வார்? எங்கள் அப்பா கம்பீரமான மனிதர். ஊரே கூடி அவரைத் தைரியசாலியாக இருக்கச் சொன்னது. அவர் கடைசி வரை எங்கள் முன்னால் அப்படித்தான் இருந்தார். பைக்குள் மட்டும் மாத்திரைகள் சேர்ந்தன.

போன மாதம் எங்கள் தெருவில் பூக்கட்டி விற்கும் அக்கா ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார். பார்க்கப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பந்து மல்லிகை கட்டாமல் கிடந்து பழுத்துக்கொண்டிருந்தது. விரல்கள் நாரைப் பிடித்திருந்தன, முடிச்சுப் போடவில்லை. பழம் வாங்கிப்போன பையைக் கீழே வைத்துவிட்டு, வாய் வரை வந்த அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டு, "ராத்திரி தூக்கம் வருதாக்கா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "மூணு மணிக்கு முழிப்புத் தட்டிருது தம்பி. அப்புறம் விடியற வரைக்கும் விட்டத்தைப் பாத்துக்கிட்டே கிடக்கேன். பூவைத் தொட்டா முன்ன மாதிரி இல்ல. ஏன் இருக்கோம்னு தோணுது. யாருகிட்ட சொல்ல? எல்லாரும் தைரியமா இருன்றாக."

அவர் மகளிடம் ஒரு தாள் கேட்டு வாங்கி, அக்கா சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதினேன். எத்தனை நாளாக என்று கேட்டு அதையும் எழுதினேன். ஃபைலைத் திறந்து, ஈசிஜிக்கு மேலே, டாக்டர் கண்ணில் முதலில் படும்படி அந்தத் தாளை வைத்துக் குத்தினேன். மறுபடி காட்ட வேண்டிய தேதி வியாழக்கிழமை என்று இருந்தது. கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.